இடைவேளைக்குப் பின் வராத இன்ஸ்பெக்டர்

செல்வியின் போன் வந்தபோது நான் காந்தி மார்க்கெட்டில் ஒரு கத்தரிக்காய்க்காரரோடு மூன்றாம் உலகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன்.

"மாமா, அம்மா காலையில போயிட்டாங்க."

"எங்கேம்மா போனாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

போனில் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியும் நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. செல்வியின் அம்மா ருக்மணி அம்மையாரை நானே பலமுறை கொன்றவன். கொள்ளிடம் பாலத்திலிருந்து தள்ளிவிட்டிருக்கிறேன். பஞ்சுக் கிடங்கில் கட்டிப்போட்டுத் தீ வைத்திருக்கிறேன். பச்சைமலைப் பள்ளத்தில் ஜீப்போடு உருட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இடைவேளை முடிந்ததும், இஸ்திரி கலையாத காக்கிச் சட்டையோடு வந்து என் தாடையைப் பெயர்த்திருக்கிறார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரிசிரபுரத்து வீராங்கனை, ஆசியக் கண்டத்து அயோக்கியர்களின் எமன், 'லேடி டைகர்' ருக்மணி அவர்கள், ஒரு காலத்தில் பெண் போலீஸ் சண்டைப் படங்களின் கதாநாயகி. பெரிய ஊர்களின் பெரிய தியேட்டர்களில் அந்தப் படங்கள் ஓடியதில்லை. மணப்பாறைப் பக்கம் காலைக் காட்சியாக ஓடும். பிறகு வடநாட்டுக்குப் போய் இந்தி பேசும். எல்லாவற்றிலும் வில்லன் அடியேன்தான். முதல் படத்தில் கதாநாயகியின் தாய்மாமனாக வந்து சொத்துக்கு ஆசைப்பட்டேன். அன்றிலிருந்து யூனிட் முழுவதற்கும் நான் மாமா ஆனேன்.

அம்மையார் வையம்பட்டியில் நிலக்கடலை விவசாயிக்குப் பிறந்தவர். போலீஸாக வேண்டும் என்ற ஒரே வெறியில் கராத்தே கற்றுக்கொண்டு திருச்சிக்கு வந்தார். ஓட்டத்தில் தேறினார், கயிறு ஏறுவதில் தேறினார், உயரத்தில் அரை விரற்கடை குறைந்துபோனார். ஸ்ரீரங்கத்தில் ஒரு மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் டைரக்டர் அவரைப் பார்த்தார்.

"போலீஸாகணும்னு ஆசை இருக்காம்மா?"

"இருந்துச்சுங்க. உயரம் பத்தலைன்னு அனுப்பிட்டாங்க."

"அதனால என்னம்மா? நான் கேமராவைத் தரையில வச்சுடறேன்."

அப்படியே வைத்தார். எங்கள் படங்களில் அம்மையார் நடந்து வந்தால் மலைக்கோட்டைக்குக் கால் முளைத்து வருவது போலிருக்கும்; உச்சிப் பிள்ளையாரே அண்ணாந்து பார்ப்பார்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. பெரிய கம்பெனிகள் எடுத்தது போக மிஞ்சிய துண்டு பிலிம்களை வாங்கித்தான் நாங்கள் படம் எடுத்தோம். ஆகவே எதற்கும் ஒரே டேக். வசனம் பிசகினாலும், விக் கழன்று விழுந்தாலும், நடுவில் ஆடு புகுந்தாலும் அதுதான் படம். சண்டையில் பாசாங்காக அடித்து, அது பாசாங்கு என்று தெரிந்துவிட்டால் மறுபடி எடுக்க வழியில்லை. அதனால் நிஜமாகவே அடிக்க வேண்டும். முதல் நாளே அம்மையார் விட்ட உதையில் என் கடைவாய்ப்பல் ஒன்று காவிரியைத் தாண்டிக் கரூர் எல்லையில் விழுந்ததாகக் கேள்வி.

விழுந்து கிடந்த என் பக்கத்தில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்தார். "மாமா, ரொம்ப வலிக்குதுங்களா?"

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இன்ஸ்பெக்டர் அடிச்சுட்டு நலம் விசாரிப்பாங்களா? 'டேய்'னு சொல்லும்மா!"

"பெரியவரைப் போய் எப்படிங்க அப்படிச் சொல்றது? வாயில வரலைங்க."

கடைசிவரை வரவில்லை. எலும்பை நொறுக்குவார், மரியாதையை மட்டும் குறைக்க மாட்டார். எனவே சென்னையில் இடி போன்ற குரல் உள்ள ஓர் அம்மாளைக் கொண்டு அவருக்குக் குரல் கொடுத்தார்கள். 'ரொம்ப வலிக்குதுங்களா' என்ற வாயசைவின் மேல் 'செத்துத் தொலைடா நாயே' என்று ஏற்றினார்கள். போலீஸ்காரி எவளும் இப்படி வாங்க போங்க என்று பேச மாட்டாள் என்று டப்பிங் தியேட்டரே சிரித்தது. அம்மையாரும் அங்கே ஒரு மூலையில் நின்றிருந்தார்.

படம் வந்ததும் வையம்பட்டியிலிருந்து அவருடைய அப்பா வந்து பார்த்தார். வெளியே வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "ஏம்மா, உன் குரலை எங்க வச்சுட்டு வந்த?"

இதை என்னிடம் சொல்லும்போது அம்மையார் சிரிக்கவில்லை.

அதன்பின் எந்தப் படத்திலும் அவர் குரல் இல்லை. கடைசிப் படத்துக்கு மட்டும் நிபந்தனை போட்டார். "என் குரல்ல நானே பேசறதா இருந்தா நடிக்கிறேங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கங்க." டைரக்டர் ஒப்புக்கொண்டார், அவருக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தின் உச்சக்கட்டத்தைக் கொள்ளிடக் கரையில் எடுத்தோம். கரைச் சுவரிலிருந்து அம்மையார் மணலில் குதித்து என்னைப் பிடிக்க வேண்டும். மணல் இருந்த இடத்தில் மணல் இல்லை. லாரிகள் அள்ளிப் போயிருந்தன, அடியில் பாறை. அவர் குதித்தார். முழங்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒரே டேக். அவர் எழுந்து நின்றார். என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"எழுந்திருங்க. ஸ்டேஷனுக்குப் போகலாம். உங்களை அடிக்க எனக்கு இஷ்டமில்லைங்க."

நான் வாழ்நாளெல்லாம் கத்தி, கோடரி, கடப்பாரை எல்லாவற்றையும் எதிர்கொண்டவன். அந்தக் குரலுக்குத்தான் பயந்தேன். டைரக்டர் 'கட்' சொல்லவே இல்லை. பிலிம் தீர்ந்து கேமரா தானாக நின்றது. பிறகு கட்டையை ஊன்றிக்கொண்டு சென்னைக்குப் போய், முழுப் படத்துக்கும் அவரே பேசிவிட்டு வந்தார். படம் முடிந்ததென்று பூசணிக்காய் உடைத்தோம்.

படம் வரவில்லை. டைரக்டர் மாரடைப்பில் போனார். இந்த மாதிரிப் படங்களை ஓட்டிய தியேட்டர்கள் கல்யாண மண்டபங்களாயின. படச்சுருளும் குரல் பதிந்த நாடாவும் மலைக்கோட்டைக்குக் கீழே டைரக்டரின் மைத்துனர் கிடங்கில் தகரப் பெட்டிகளில் பூட்டிக் கிடந்தன. அம்மையாரின் கால் மடங்காமலே நின்றுவிட்டது. கராத்தே வகுப்பும் நின்றது. கணவரும் முன்பே காலமாகியிருந்தார். சின்னக்கடை வீதி ஜவுளிக்கடை ஒன்றில் மகள் செல்வி வேலைக்குப் போக, குடும்பம் நடந்தது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் வீட்டுக்குப் போவேன். பொங்கலை இலையில் வைத்துக்கொண்டே கேட்பார்: "மாமா, இந்த வருஷமாவது படம் வந்துருமுங்களா?"

"வராம எங்கேம்மா போகும்? டெல்லியில குடியரசுத் தலைவருக்குத் தனிக் காட்சி போட்டுட்டுத்தான் மத்தவங்களுக்கே" என்பேன்.

செல்வி ஒரு முறை போனில் அவருடைய பழைய படம் ஒன்றின் இந்தித் துண்டைக் கண்டுபிடித்துக் காட்டினாள். "அம்மா, உங்க வாயில வேற யாரோ பேசுறாங்க." அம்மையார் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பவும் பிடிக்காது. கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வதாக இருந்தாலும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித்தான் அனுப்புவார். தன் குரலைப் பதிவு செய்தால் யாரோ சிரிப்பார்கள் என்று அவர் மனத்தில் எங்கோ தைத்திருந்தது.

போன வருடம் கிடங்கை இடிக்கப் போவதாக மைத்துனர் சொல்லியனுப்பினார். அம்மையார் கைத்தடியோடு கிளம்பிவிட்டார். கடைவீதிக் கூட்டத்தில் நான் முன்னால் போய், "வழி விடுங்கய்யா, லேடி டைகர் வர்றாங்க!" என்று முழங்கினேன். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் மட்டும், "டைகருக்கு என்ன, கால் சரியில்லையா?" என்று கேட்டார்.

பெட்டியைத் திறந்தோம். புளித்த காடி நாற்றம் முகத்தில் அறைந்தது. படச்சுருள் உருகி வெல்லக்கட்டி போல் ஒட்டிப்போயிருந்தது. ஒலிநாடாவை அவர் விரலால் தொட்டார்; துரு உதிர்வது போல் உதிர்ந்தது.

நான் பேசினேன். அமெரிக்காவில் மெஷின் இருக்கிறது, ஜப்பானில் டாக்டர் இருக்கிறார் என்று அண்டத்தையே அளந்தேன். அவர் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"விடுங்க மாமா. ஒரே டேக்தானே."

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒரு புளுகைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

அடுத்த வாரம் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

தைத்தேர் சமயம்; ஸ்ரீரங்கம் முழுக்கக் கூட்டம். கொள்ளிடக் கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இரும்புத் தடுப்பு போட்டு எங்கள் அமரர் ஊர்தியை நிறுத்தினார் ஒரு பெண் இன்ஸ்பெக்டர்.

நான் இறங்கிப் போனேன். "உள்ளே யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியலைங்க ஐயா. யாருங்க?"

"லேடி டைகர் ருக்மணி. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே காக்கி போட்டவங்க. சினிமாவுல."

அவர் யோசித்துப் பார்த்தார். "கேள்விப்பட்டதில்லைங்களே. கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க, நானே அனுப்பி வைக்கிறேன்."

அதற்குள் ஒரு தடியன் தடுப்பை இடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பைக்கை விட்டான். அந்த இன்ஸ்பெக்டர் ஒரே எட்டில் போய்ச் சாவியைப் பிடுங்கினார். அவன் காலரையும் பிடித்தார். குரல் உயரவே இல்லை.

"இறங்குங்க. குழந்தைங்க நிக்கிற இடத்துல இப்படியா ஓட்டுவீங்க? ஸ்டேஷனுக்கு வாங்க, பேசிக்கலாம்."

நான் ஓடிப்போய்க் கண்ணாடிப் பெட்டியைத் தட்டினேன். "கேட்டியாம்மா ருக்மணி? கேட்டியா?"

செல்விதான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மாமா, அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு எங்கிட்ட ஒரு பதிவுகூட இல்ல மாமா" என்றாள். அண்டத்தை அளக்கும் இந்த வாயில் அப்போது ஒரு பொய்கூட வரவில்லை.

கொள்ளிடத்தில் தண்ணீரும் இல்லை, மணலும் இல்லை. அதே சுவர், அதே பாறை. செல்வி கொள்ளி வைத்தாள். சுடுகாட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது என்பது வழக்கம். எல்லோரும் சொல்லாமலே கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன்.

சுவரைத் தாண்டியதும், பழக்கதோஷம், ஒரு கையால் தாடையை மறைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.