கோதாரி பிடித்த கமரா

ஒக்லண்ட் சான்ட்ரிங்ஹாமில், வீட்டுப் பழஞ்சாமான் விற்கிற ஒரு கராஜ் சேலில் அந்தப் பழைய கமராவை வாங்கினேன். கைபேசியில் படம் எடுக்கிற காலம் இல்லை அது; எனக்கு அவசரம். கனடா மாப்பிள்ளை வீட்டார் என் தங்கச்சியின் படம் கேட்டிருந்தார்கள். "கெதியா அனுப்புங்கோ, வேற இடமும் வந்திருக்கு" என்று மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் சொன்னதும் எனக்கு நித்திரை போய்விட்டது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. இந்தச் சம்பந்தம் தவறினால் சனம் என்னைத்தான் சொல்லும்.

அது கமரா இல்லை, கோதாரி. லென்ஸ் ஓரிடம், நான் பார்க்கிற கண்ணாடி மேலே ஒரு மூலையில். கண்ணாடியின் நடுவில் மஞ்சளாய் ஒரு சின்னச் சதுரம். அதற்குள் தங்கச்சி இரண்டு பேராகத் தெரிந்தாள். வளையத்தைத் திருகித் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக விழுமாம். ஒன்றாக்கி முடிப்பதற்குள் அவள் காலை மாற்றுவாள், திரும்பவும் இரண்டு மூக்கு. வெளிச்சத்தை அளக்க உள்ளே ஒன்றுமே இல்லை. பிலிம் பெட்டியில் படமாய்க் கீறியிருந்த சூரியனையும் முகிலையும் பார்த்து நானே கணக்குப் போட வேண்டும். ஒக்லண்டில் எந்தச் சூரியன், எந்த முகில்? கணக்கு முடிய முதல் தூறத் தொடங்கிவிடும்.

பின்வளவில், எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் பட்டுச்சேலையோடு நின்றாள்.

"நாடியை நிமித்து. கொஞ்சம் சிரியன்."

சிரித்தாள்.

"ஐயோ, அசையாதை எண்டெல்லோ சொன்னனான்!"

"நான் அசையேல்லை அண்ணா. காத்து."

முப்பத்தாறு படம். ஒருநாளும் இல்லாத அடக்கமாய் நின்றாள். எனக்கே பெருமையாக இருந்தது.

பக்கத்துப் புறநகரான த்ரீ கிங்ஸில் ஒரு கடையில் பிலிமைக் கழுவக் கொடுத்தேன். மறுநாள் போனால், கடைப்பெண் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ஒரு நிழல்கூட இல்லை. "சொறி, நத்திங் ஓன் இட்" என்றாள்.

வீட்டுக்கு வந்து கமராவைக் குசினி மேசையில் தொம்மென்று வைத்தேன்.

"விசர்க் கமரா! ஒரு படமும் விழேல்லை!"

தங்கச்சி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "மூடியைக் கழட்டாமல் எடுத்தால் எப்பிடி விழும்?"

பார்த்தேன். லென்ஸில் கறுப்பு மூடி அப்படியே இருந்தது. நான் பார்த்த கண்ணாடி வேறு, லென்ஸ் வேறு என்பதால் எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. மூடியைக் கண்டிருக்கக்கூடியவள் முன்னால் நின்றவள் மட்டும்தான்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம். முதல் படத்திலேயே."

"பிறகேன் வாயைத் திறக்கேல்லை?"

"நிமிர் எண்டியள், நிமிந்தன். சிரி எண்டியள், சிரிச்சன். இந்த மாப்பிள்ளை வேணுமோ எண்டு ஒருக்காவெண்டாலும் கேட்டனீங்களோ?"

கோபத்தில் எனக்குக் காது சுட்டது. கத்த வாயெடுத்தவன், கமராவின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவள் வெட்டுவதை நிறுத்தவே இல்லை.

"சரி, இப்ப கேக்கிறன். வேணுமோ?"

"வேண்டாம்."

யோசிக்கக்கூட இல்லை அவள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத்தான் ஒரு முழுப் பிலிம் தேவைப்பட்டது.