மயில் எங்கே இறங்கும்?

சுவரில் முதுகைச் சாய்த்து, கால்கள் இரண்டையும் நீட்டிச் சேர்த்துவைத்து, பாதங்களின் மேல் என் மகனை உட்காரவைத்து ஆட்டுவாள் என் ஓரகத்தி. அவளை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை, அந்தக் கால்கள்தான் வருகின்றன. மஞ்சள் ஊறிப் பழுப்பேறிய கணுக்கால், தேய்ந்துபோன மெட்டி, அவள் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் பிள்ளை. கால் மேலே போகும்போது வாயைப் பிளப்பான், கீழே வரும்போது சிரிப்பான். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். பார்க்காமல் இருக்கவும் முடியாது, பார்த்துக்கொண்டே இருக்கவும் முடியாது. குழம்பு பொங்கி அடுப்பே அணைந்துபோன நாட்கள் உண்டு.

என் வீட்டுக்காரருக்கு அண்ணன் ஒருவர், அவருடைய மனைவி அவள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். திருத்தணியில் மலையடிவாரத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். எங்கள் வீட்டுக்காரருக்குத் தேங்காய், கற்பூரம், பூ விற்கிற கடை. பெரியவருக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. மாமியார் இருந்தார், கண் நன்றாகத் தெரியும், காது அதைவிட நன்றாகக் கேட்கும். நான் பொதட்டூர்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அக்கா நகரிப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டில் தெலுங்கு, புகுந்த வீட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு கிருத்திகைக்கும் மாமியார் மலைக்குப் போய்விட்டு வந்து, விபூதியை முதலில் அவள் நெற்றியில்தான் வைப்பார். எனக்கு மகன் பிறந்த பிறகும் அப்படித்தான்.

அவள் பாடுகிற பாட்டு எனக்கும் தெரிந்த பாட்டுதான். எங்கள் பக்கத்தில் மயில் பாட்டு தெரியாத வீடு கிடையாது.

ஆடுது ஆடுது மலைமயிலு
அசைஞ்சி எறங்குது தோகைமயிலு
கம்பு போட்டா கொத்தாது
கைய நீட்டினா நிக்காது
எங்க எங்க எறங்கும்?

இதுவரைக்கும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் வம்பு. என் பிறந்த வீடு தறி வீடு. அம்மா இதைத் தூளிப் பாட்டாகத்தான் பாடுவாள், தறிச் சத்தத்துக்கு நடுவில், இழுத்து இழுத்து, தூக்கம் சொக்குகிற மாதிரி. கடைசியில் ‘மாமன் வீட்டு வாசலிலே, மாவிலைத் தோரண நிழலிலே’ என்று முடியும். அதற்குள் குழந்தை தூங்கியிருக்கும். மாமியார் வீட்டுப் பாட்டு ஓட்டப் பாட்டு. ‘மறுபடி மலைக்கே போயிடும், முருகன் கால்ல சேர்ந்திடும்’ என்று அவர் முடித்ததும் குழந்தை எழுந்து வாசலுக்கு ஓடி, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும். அந்தக் குடும்பத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் கும்பிடக் கற்றுக்கொண்டன. அக்காவுடையது கால் ஊஞ்சல் பாட்டு. முக்கால்வாசி தமிழில் வந்து, கடைசியில் சட்டென்று தெலுங்குக்குத் தாவும். ‘நா ஒள்ளோ வாலுதுந்தி’ என்பாள். என் மடியில் வந்து இறங்கும் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே காலை மடக்குவாள், பிள்ளை சறுக்கிக்கொண்டு அவள் மடியில் போய் விழுவான்.

அவரவர் அம்மா பாடியதுதான் அவரவருக்குச் சரி. மற்றவள் பாடினால் ரசத்தில் உப்பு மறந்த மாதிரி ஏதோ ஒன்று குறையும். ‘உங்க வீட்டுல மயிலு எதுக்குடி மாமன் வூட்டுக்குப் போவுது? மாமன் இன்னா கம்பு வெச்சிகினு காத்துகினு கீறானா?’ என்று மாமியார் என்னைக் கேலி செய்வார். ‘அத்தே, உங்க மயிலு வந்த கையோட திரும்பிப் போயிடுதே, அதுக்கு எறங்காமலே இருக்கலாமே’ என்று அக்கா அவரை மடக்குவாள். சிரிப்போம். பிள்ளைக்கு மூன்று பாட்டும் தெரியும். யார் பாடினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். நான் பாடினால் கண்ணை மூடுவான், மாமியார் பாடினால் ஓடுவான், அக்கா பாடினால் மடியில் விழுவான். இதில் எனக்கு வருத்தப்பட ஒன்றுமே இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பகலெல்லாம் அவன் அவளோடுதான். அவளைப் பெத்தம்மா என்று கூப்பிடுவான். தெலுங்கில் பெரியம்மாவுக்கு அதுதான் பெயர். என்னை அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட்டான், பாவி!

ஊரும் அந்த வருஷங்களில் அமைதியாக இல்லை. எங்கள் தாலுகா ஆந்திராவோடு இருக்குமா, மெட்ராசோடு சேருமா என்று எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. ஒருநாள் ஊர்வலம், ஒருநாள் கடையடைப்பு. வாங்கிப்போட்ட பூ கடையிலேயே வாடும். என் வீட்டுக்காரர் கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். ‘நாம இருக்கிற எடத்துலதான் இருக்கிறோம், ராஜ்யந்தான் நகருதாம்’ என்று மாமியார் முணுமுணுப்பார். தாலுகா ஆபீசில் யாரை எங்கே தூக்கி அடிப்பார்களோ என்று பெரியவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் சித்தூருக்கு மாற்றல் வந்தது. அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். என் நிம்மதி அன்றைக்குத்தான் போனது.

அப்போது எனக்கு இரண்டாவது வயிற்றில். ஒரு நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். ‘மூத்தவன் தனியா போறான். அவளுக்கும் அங்க யாரு இருக்கிறாங்க? புள்ளைய கூட்டிகினு போவட்டும். அவங்களுக்கும் ஒண்ணு வேணுமில்ல. உனக்குத்தான் அடுத்தது வந்துகினே இருக்குதே.’ கீரையில் ஒரு பிடியை எடுத்து உனக்கு, ஒரு பிடி எனக்கு என்று பிரிக்கிற மாதிரியா பிள்ளையைப் பிரிப்பார்கள்? என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ‘அண்ணன் வாய தொறந்து கேக்கல. கேட்டா நான் எப்படி இல்லேன்னு சொல்றது?’ என்றார். பெரியவர் கேட்கவில்லைதான். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னை ஆட்டிவைத்தது. கொடியில் காய்ந்த அவன் சட்டைகளை அவள் மடித்து வைத்தால், ஐயோ, மூட்டை கட்டுகிறாள் என்று தோன்றும். தூக்கத்தில் கையை நீட்டி அவன் பக்கத்தில் இருக்கிறானா என்று தடவித் தடவிப் பார்ப்பேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமியார் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்தார். அழுது அழுது என் முகம் வீங்கியிருந்தது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ‘நானா புடுங்கிக் குடுத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வேணாம். புள்ளையே சொல்லட்டும்’ என்றார். அக்காவை ஒரு பக்கம் உட்காரச் சொன்னார், என்னை எதிரில். நடுவில் அவனை நிறுத்தினார். மயில் பாட்டைப் பாட வேண்டும், முடிகிறபோது யார் மடியில் போய் ஏறுகிறானோ அவர்களோடு இருப்பான். அவ்வளவுதான் தீர்ப்பு. ‘பெரியவளே, நீ பாடு’ என்றார்.

அவள் பாடினால் அவன் எங்கே போய் விழுவான் என்று எனக்குத் தெரியாதா? தினமும் பார்த்ததுதானே! நான் எழுந்து அவனைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இந்த வயிற்றோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவனைப் பார்த்தாள். பிறகு, ‘நீங்க பாடுங்க அத்தே. வூட்டுக்குப் பெரியவங்க நீங்கதான’ என்றாள்.

மாமியாருக்கு அந்த மரியாதை பிடித்துப்போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஆடுது ஆடுது மலைமயிலு. கையைத் தட்டித் தட்டிப் பாடினார். பாட்டு நடக்க நடக்க அவருக்கு எதற்காகப் பாடுகிறோம் என்பதே மறந்துபோயிற்று. எத்தனை பிள்ளைகளுக்குப் பாடிய வாய் அது! எங்க எங்க எறங்கும் என்று கேட்டவர், பழக்கத்தில் அப்படியே தன் பாட்டை முடித்தார். மறுபடி மலைக்கே போயிடும், முருகன் கால்ல சேர்ந்திடும். பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடதடவென்று வாசலுக்கு ஓடினான். மலையைப் பார்த்துக் கையைக் குவித்தான். பிறகு திரும்பி, எப்படி, சரியாகச் செய்தேனா என்று எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

மாமியார் வாய் மேல் கையை வைத்துக்கொண்டார். தான் செய்த காரியம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொரு தரம் பாடு என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளை கும்பிட்டது சாமியை. அதற்கு மேல் அவருக்குத் துணிச்சல் கிடையாது. ‘மலைய வுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டான். முருகா, இதுக்கு மேல நான் வாய தொறந்தா தப்பு’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். நான் வாசலுக்கு ஓடிப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தபோது அக்கா ராத்திரிச் சமையலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சித்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். சாமான்களை மேலே ஏற்ற ஆண்கள் பக்கத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அக்காவின் இடுப்பில் இருந்தான். ராத்திரி முழுக்க யோசித்ததை என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை, கேட்டே விட்டேன். ‘ஏன்கா, நீங்க பாடியிருந்தா அவன் உங்க மடிக்குத்தான் வந்திருப்பான். உங்களுக்குத் தெரியாதா?’

‘ஆங், வந்திருப்பான்’ என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. ‘அத்தே பாடினா எங்க ஓடுவான்னும் எனக்குத் தெரியும். பகல்ல என்கூட ஆடுவான்மா. பொழுது சாஞ்சா உன்னைத்தான் தேடறான். அங்க போயி ராத்திரில அழுதான்னா நான் இன்னா பண்றது? அவன் தூங்கற பாட்டு எனக்கு வராதே.’

நான் நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன். அவள் அழவில்லை. பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, ‘அழுதுகினு நிக்காத. பஸ் வர்றதுக்குள்ள அந்தப் பாட்ட சொல்லிக் குடு. லீவுக்கு இட்டுகினு வந்தியானா தூங்க வெக்கணுமில்ல’ என்றாள். சொல்லிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், தூளியே இல்லாமல் தூளிப் பாட்டு. அவளுக்கு அந்த இழுப்பு வரவில்லை. எப்போதும் குதித்துக் குதித்துப் பாடிப் பழகிய குரல். முதலில் வேகமாகப் பாடினாள், நான் தலையாட்டினேன். அடுத்த தரம் சரியாக வந்தது, மாமன் வீட்டு வாசலிலே, மாவிலைத் தோரண நிழலிலே. பஸ் திரும்பி வந்து நின்றது. அவள் பிள்ளையைக் கீழே இறக்காமல், அவன் காதோரம் குனிந்து, இன்னொரு தரம் மெதுவாகப் பாடினாள். எங்க எங்க எறங்கும் என்று கேட்டுவிட்டு, மாமன் என்று வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் நின்றாள். ‘பெத்தம்மா வூட்டு வாசலிலே’ என்று பாடினாள். பாடிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் திருத்தவில்லை.

அன்று ராத்திரி அவனை அப்படித்தான் பாடித் தூங்கவைத்தேன். அடுத்துப் பிறந்தவளுக்கும் அப்படித்தான் பாடினேன். பேரன் பேத்திகளுக்கும் அதுதான். இப்போது என் பேரன் பெண்டாட்டி சண்டைக்கு வருகிறாள், எங்கள் அம்மா வீட்டில் மாமன் வீடு என்றுதான் பாடுவோம், நீங்கள் பாடுவது என்ன பாஷை என்று. எங்கள் வீட்டில் இன்றைக்கு யாருக்கும் தெலுங்கு ஒரு வார்த்தை வராது. மயில் மட்டும் பெத்தம்மா வீட்டில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது.