அக்காவின் மோதிர விரல்

எங்கள் வீட்டுப் பியானோவின் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். தூத்துக்குடி உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கட்டைகள் ஊறிப்போகும் என்பதற்காக அப்பா செய்த ஏற்பாடு. அப்பா துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருந்தார். யாரோ காலி செய்துவிட்டுப் போன பழைய பங்களாவிலிருந்து அவருக்கு அந்தப் பியானோ வந்து சேர்ந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி ஒருவரிடம் அக்காதான் கற்றுக்கொண்டாள். நானும் போனேன், ஒரே மாதத்தில் அந்த அம்மையார் என்னைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அக்கா சென்னைக்குப் போனாள், அங்கிருந்து வியன்னாவுக்குப் போனாள், பிறகு ஊர் ஊராக மேடை ஏறினாள். அவள் படம் போட்ட போஸ்டர்களை எங்களுக்கு அனுப்புவாள். அம்மா அதில் அவள் மெலிந்திருக்கிறாளா என்று மட்டும் பார்ப்பாள்.

போன வருடம் ஆவணியில், லீவு என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கினாள். லீவு இல்லை என்பதை எனக்கு மட்டும் சொன்னாள். வாசிக்கும்போது அவளுடைய வலது கை மோதிர விரல் தன்னால் உள்ளே மடங்கிக்கொள்கிறதாம். வலி கிடையாது. சோறு பிசையலாம், பேனா பிடிக்கலாம்; பியானோவில் வைத்தால் மட்டும் அது சொன்ன பேச்சைக் கேட்காது. தினமும் மெதுவாக வாசித்து விரலை மறுபடி பழக்க வேண்டும், ஒரு நாள் விட்டாலும் அது மறந்துவிடும் என்றாள். ஊரிலேயே ஒரு கச்சேரிக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். அதில் விரல் மடங்காமல் நின்றால் வியன்னாவுக்குத் திரும்புவது, இல்லாவிட்டால் இனி மேடையே கிடையாது என்பது அவள் முடிவு.

“இங்கன தப்பு விட்டா எவனுக்கும் தெரியாதுலே. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்டிராத,” என்றாள்.

கச்சேரித் தேதியைச் செல்போனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள் மகராசி. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். அது விஜயதசமி. முந்தின நாள் சரஸ்வதி பூஜை. அன்று எங்கள் வீட்டில் புத்தகங்கள், அப்பாவின் பேனா, என் கடைத் தராசு எல்லாம் சாமி முன்னால் போய்விடும். பியானோவைத் தூக்க முடியாது என்பதால், இருந்த இடத்திலேயே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பட்டுத்துணியால் மூடிவிடுவாள் அம்மா. மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. சின்ன வயதில் எங்களுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள்.

“எந்திரிளா. நாளைக்குத் தொட்டுக்கோ.”

“நாளைக்குக் கச்சேரிம்மா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்…”

“என்னளா புதுப் பழக்கம்? சரஸ்வதி பூசை அன்னைக்கு நீ வாசிச்சு நான் பார்த்ததே இல்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “விவரம் தெரியாமப் பேசாதம்மா,” என்று ஆரம்பித்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து நின்றாள். அம்மா துணியைப் போட்டு மூடினாள்.

வேறு பியானோவும் இல்லை. மேடைக்கான பெரிய பியானோ மதுரையிலிருந்து லாரியில் வர வேண்டும். டிரைவரோ, “ஆயுதபூசைக்கு வண்டி எடுக்க மாட்டேன் அண்ணாச்சி,” என்று போனிலேயே கும்பிடு போட்டுவிட்டார். அன்று முழுக்க அக்கா விரலை நீட்டுவதும் மடக்குவதுமாக வீட்டுக்குள் நடந்தாள். சுண்டலைக் கொடுத்தால் வாங்கி அப்படியே வைத்தாள். அம்மாவின் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் பூஜை முடிந்து துணியை எடுத்ததும் அக்கா வாசித்துப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. லாரி மத்தியானம்தான் வந்தது, முன்னால் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியெல்லாம் சந்தனமாக. பியானோவை இறக்கிச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் ஹாலில் ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

முன்வரிசையில் நானும் அம்மாவும் இருந்தோம். முதல் உருப்படி நன்றாகவே போனது. இரண்டாவதில்தான் அந்தச் சிக்கலான இடம் இருந்தது, வலது கை வேகமாக மேலே ஏறிப்போகும் ஒரு வரி. அது எப்போது வரும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பயத்தில் எல்லா இடமும் அந்த இடமாகவே கேட்டது. அம்மா திடீரென்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“இப்ப வரும்லே,” என்றாள்.

வந்தது. விரல் மடங்கியது. சில சுரங்கள் விழவே இல்லை. அக்கா நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தாள். ஹால் முழுக்கக் கைதட்டியது. அவள் சொன்னபடி எவனுக்கும் தெரியவில்லைதான்.

மேடைக்குப் பின்னால் மாலையும் சால்வையுமாக நின்றவளிடம் அம்மா நேராகப் போய் அந்த விரலைப் பிடித்தாள்.

“வந்த நாள்ல இருந்து அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அந்த இடம் வந்தா கை நொண்டுது. கேட்டா நீ அழுவன்னு கேட்கல.”

“தெரிஞ்சுமா நேத்து மூடுன?” என்றேன் நான்.

“தெரிஞ்சதனாலதாம்லே மூடுனேன். சரஸ்வதி காலடியில ஒரு நாள் கிடந்தா சரியாக்கிருவான்னு நினைச்சேன்.” அம்மா அக்கா பக்கம் திரும்பினாள். “நான்தான் கெடுத்துட்டேனாளா?”

அக்கா யோசிக்கவே இல்லை. “இல்லம்மா. நேத்து முழுக்க வாசிச்சிருந்தாலும் அங்க நொண்டத்தான் செஞ்சிருக்கும்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரமே, இனி வரமாட்டேன் என்று அக்கா வியன்னாவுக்குச் சொல்லிவிட்டாள். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். அம்மா நிம்மதியாக இருக்கிறாள். ஒரு நாள் விட்டாலும் விரல் மறந்துவிடும் என்று எனக்குச் சொன்னவளும் இதே அக்காதான். அதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.