பிரிட்ஜ் இல்லாத நான்கு வீடுகள்: நெருப்பெரிச்சலுக்கு ஒரு சர்வே பயணம்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் மலை, அருவி, அணை என்று எழுதுவேன். இந்த முறை போனது ஒரு லைன் வீட்டுக்கு. ஊர் நெருப்பெரிச்சல், திருப்பூருக்கு வடக்கே. சுற்றிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்றால், பனியன் கம்பெனி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பனியன் கம்பெனி.

போனதற்குக் காரணம் என் மகள் கௌசல்யா. மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குச் செலவு செய்கிறார்கள், வீட்டில் என்னென்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் நாடு தழுவிய சர்வேயில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கூடப் போகும் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. ஸ்கூட்டர் ஓட்ட ஆள் வேண்டும். பத்தாவதைத் தாண்டாத எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது இந்த வழியில்தான், அதுவும் ஒரு நாளைக்கு, சம்பளமில்லாமல்.

மே மாதம், ஒரு புதன்கிழமை. தாராபுரத்திலிருந்து காலை 5.40க்குக் கிளம்பினோம். அவினாசிபாளையம் வழியாகத் திருப்பூர், அங்கிருந்து நெருப்பெரிச்சல். வண்டி மீட்டரில் 61 கிலோமீட்டர். தாராபுரம் தாண்டியதும் காற்றாலைக் காற்று ஸ்கூட்டரை இடது பக்கமாகத் தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குள் திருப்பூரைக் கடந்துவிடுவது நல்லது. அதற்குமேல் கம்பெனி வேன்கள் ரோட்டை எழுதி வாங்கிக்கொள்ளும்.

வழி நெடுக மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். "அப்பா, நீங்க வண்டி ஓட்டோணும், தண்ணி பாட்டில் புடிக்கோணும். வாய மட்டும் தொறக்கக் கூடாதுங்க."

"தொறக்கவே மாட்டேன் கண்ணு."

"சித்தி கல்யாணத்துலயும் இதயேதான் சொன்னீங்க."

7.20க்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் தன் மேற்பார்வையாளரைப் பார்க்கப் போய்விட்டாள். நான் மெயின் ரோட்டுப் பேக்கரியில் உட்கார்ந்தேன். டீ 15 ரூபாய், தேங்காய் பன் 20 ரூபாய். இரண்டுமே அருமை. அந்த அருமையில்தான் வாய் திறந்துகொண்டது.

"ஊருக்குப் புதுசுங்களா?" என்றார் டீ மாஸ்டர்.

"என்ற பொண்ணு சென்ட்ரல் கவர்மெண்ட் சர்வேங்க. அதா, அந்தப் பச்சைப் பெயிண்ட் லைன் ஊடு இருக்குதுங்கல்ல, அங்கதான் இன்னிக்கு. டிவி, பிரிட்ஜ், வண்டின்னு யாரு ஊட்ல என்ன இருந்தாலும் ஒண்ணு விடாம கையில இருக்கற கம்ப்யூட்டர் டேப்ல ஏத்திரும்."

"அப்படீங்களா! ஏத்தி?"

"மேல போயிரும்" என்று விரலைக் கூரைப் பக்கம் காட்டினேன். மேலே என்றால் எங்கே என்பது எனக்கே தெரியாது.

பால் பாக்கெட் வாங்க வந்த ஒரு பெண், மீதிச் சில்லறையை வாங்காமலே திரும்பி ஓடினார். வீட்டில் என்ன அவசரமோ, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

9.15க்கு லைன் வீட்டுக்குப் போனோம். ஒரே வரிசையில் எட்டு வீடுகள், எல்லாமே ஒற்றை அறை, இரும்புக் கதவு. எட்டில் நான்கு வீடுகள் சர்வேக்குத் தேர்வானவை. போன வாரமே வந்து எந்தெந்த வீடு என்று கௌசி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கடைசி அறை வடநாட்டுப் பையன்கள் தங்கும் அறை, அது தேர்வாகவில்லை.

பதில்கள் காதில் விழாத தூரத்தில் நிற்க வேண்டும் என்பது மகளின் உத்தரவு. லைன் வீட்டில் அப்படி ஒரு தூரம் கிடையாது. முதல் வீட்டில் டிவி இல்லை. இரண்டாவதில் டிவியும் இல்லை, மிக்சியும் இல்லை. மூன்றாவதில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற நேரம் போதவில்லை என்று இப்போது தெரிகிறது. மேலே பார்த்தேன். கூரை விளிம்பில் ஐந்து டிஷ் ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து வரிசையாக நின்றன.

கௌசி முகம் சுருங்கிவிட்டது. "ஏதோ சரியில்லீங்கப்பா. போன வாரம் வந்தப்ப இந்த ஊட்ல சீரியல் ஓடிட்டு இருந்துச்சு" என்றாள் மெதுவாக. எனக்குப் பால் பாக்கெட் பெண்ணின் ஞாபகம் வந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன், பேசாமல் இருப்பதற்கு அது ஒரு வழி.

நான்காவது வீடு ஜெயராணியுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சர்வேக்காக அரை நாள் பர்மிஷன் போட்டிருந்தார். கணவர் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில், பகல் ஷிப்ட். ஒன்பது வயது மகள் ஜெனி, பள்ளி விடுமுறை.

"உள்ள வாங்க அண்ணாச்சி, வெயில்ல எதுக்கு நிக்கிய" என்று என்னையும் கூப்பிட்டு வாசல் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டார். அப்போது 11.50. வீடு துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு பாய், நான்கு பாத்திரம், மாதா படம். மூலையில் தரை மட்டும் சதுரமாக வேறு நிறத்தில் இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு ஸ்டெபிலைசர், எதற்கும் இணைக்கப்படாமல்.

"பிரிட்ஜ் இருக்குதுங்களா?"

"இல்லம்மா. அதெல்லாம் நமக்கு எதுக்கு."

கௌசி ஸ்டெபிலைசரை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை. கேள்விகள் முடிவதாக இல்லை. ஜெயராணி ஒவ்வொரு பதிலுக்கும் வாசலை எட்டிப் பார்த்தார். 12.45 ஆனது.

"எம்மா, பசிக்கு" என்றது குழந்தை.

"இரு பிள்ள."

ஒரு மணி. "எம்மா..."

"இருன்னு சொன்னேன்லா!"

அடுப்பில் சோறு இருந்தது, குழம்பு மணத்தது. ஆனால் தட்டு எடுக்கவில்லை. "கொழந்தைக்குச் சோறு போடுங்க, நாங்க இருக்கறோம்" என்றாள் கௌசி. ஜெயராணி தலையைக் குனிந்துகொண்டார்.

இருக்கும் சோறு ராத்திரிக்கு வேண்டும் போலிருக்கிறது, ஒரு வேளைக்கு மேல் போடமாட்டாத குடும்பம் என்று முடிவு கட்டினேன். வெற்று அறை, பசிக்கும் பிள்ளை. சர்வே என்ன சர்வே, எனக்கே எல்லாம் விளங்கிவிட்டது! வெளியே போனேன், பேக்கரியில் தேங்காய் பன் ஒன்றும் மாம்பழ ஜூஸ் ஒன்றும் வாங்கினேன், 40 ரூபாய். திரும்பி வந்து குழந்தை கையில் கொடுத்தேன். ஜெனி பன்னை வாய்க்குக் கொண்டுபோனது.

"குடுக்காதிய!"

ஜெயராணி பாய்ந்து தட்டிவிட்டதில் பன் வாசலில் போய் விழுந்தது. ஜூஸ் என் வேட்டியில்.

"அவளுக்குச் சுகர் அண்ணாச்சி. நாலு வயசுல இருந்து ஊசி. ஊசி போடாம ஒரு வாய் திங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

பிறகு கொட்டியது அத்தனையும். காலையில் யாரோ ஓடி வந்து, கவர்மெண்டில் வருகிறார்கள், டிவி, பிரிட்ஜ் இருந்தால் மகளிர் பணம் நின்றுவிடும், ரேஷன் கார்டும் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு வீட்டுச் சாமானும் தேர்வாகாத கடைசி அறைக்குப் போய்விட்டது. ஜெயராணி குடத்தோடு தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் பையன்கள் பிரிட்ஜை அப்படியே தூக்கிப் போய்விட்டார்கள். மருந்து, ஊசி, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். அறைச் சாவி பப்லு என்ற பையனிடம். பக்கத்துக் கம்பெனிதான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்று காத்திருந்திருக்கிறார். இன்று ஷிப்மென்ட் அவசரம் என்று அவனைப் பெருமாநல்லூர் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று, அழுகை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். போனையும் அவன் எடுக்கவில்லை. அந்த யூனிட்டில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

"மருந்துக் கடையில வாங்கிறலாமுங்க" என்றேன்.

"இன்சுலின்ல எந்த வகைன்னு பேரு தெரியாதே அண்ணாச்சி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில குடுக்கது. சீட்டும் உள்ளதான இருக்கு."

கதவை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன். உள்பூட்டு போட்ட இரும்புக் கதவு. என் தோள்தான் வலித்தது.

கௌசி நிமிர்ந்தாள். "நீங்க பெருமாநல்லூர் போயிச் சாவிய வாங்கிட்டு வாங்கப்பா, ரெண்டு மணி வரைக்கும் பாப்பமுங்க. நீங்க வர்லீன்னா ஆட்டோ வெச்சுப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்." பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: "காலைல பேக்கரியில என்ன பேசுனீங்க?"

நான் ஏற்கெனவே வண்டியை உதைத்திருந்தேன்.

நெருப்பெரிச்சலில் இருந்து பெருமாநல்லூர் ஏழு கிலோமீட்டர். நல்ல ரோடு, வழியில் நிழலும் கடைகளும் உண்டு என்று எழுதத்தான் ஆசை. நான் எதையும் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கண்ணுக்குள் நின்றது. எட்டு மணியிலிருந்து தகரக் கூரைக்குக் கீழே, கரண்ட் இல்லாத பிரிட்ஜில் மருந்து என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வேறு.

1.25க்குக் கம்பெனி கேட். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "என்னங்க?"

பழக்க தோஷம். "சென்ட்ரல் கவர்மெண்ட் சர்வேல இருந்து..." என்றேன். கேட் படீரென்று சாத்திக்கொண்டது.

சின்ன ஓட்டைக்கு வாயை வைத்தேன். "ஏனுங்க, நான் சர்வேயுமில்ல, ஒண்ணுமில்லீங்க. தாராபுரத்துல மாவு மில்லு வெச்சிருக்கறவன். ஒரு புள்ளையோட ஊசி மருந்து பூட்டுன ரூமுல மாட்டிக்கிச்சுங்க. சாவி பப்லுங்கற பையன்கிட்ட இருக்குதுங்க."

"அதைய மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க!" கேட் திறந்துகொண்டது.

பப்லு பஞ்சுத் தூசியோடு ஓடி வந்தான். அவனிடம் பேச நான்கு ஹிந்திச் சொற்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

"ஜெனி பாப்பாவுக்குங்களா? ஐயோ அண்ணா, இன்னிக்குப் போன் வெளிய வாங்கி வெச்சுட்டாங்க" என்று சாவியைக் கையில் திணித்தான். "பாத்துத் தொறங்க அண்ணா. நாலு ஊட்டுச் சாமான் உள்ள இருக்குதுங்க. இன்னிக்கு அந்த லைன்ல நான்தானுங்க பணக்காரன்."

சூப்பர்வைசர் உள்ளேயிருந்து கத்தினார், அவன் ஓடிவிட்டான். பிரிட்ஜைப் பற்றிக் கேட்க நேரமில்லை.

1.52க்குத் திரும்பினேன். லைன் வாசலில் மொத்த வரிசையும் நின்றது. கௌசி குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள், ஆட்டோ ரோட்டில் தயாராக நின்றது. சாவியை ஜெயராணியிடம் கொடுத்தேன். அவசரத்தில் தலைகீழாகப் பிடித்ததில் ஓட்டையில் நுழையவில்லை. நான் வாங்கி நுழைத்தேன். அப்போதுதான் கேட்டது: கதவுக்கு அந்தப் பக்கம், உர்ர்ர் என்று ஒரு சத்தம்.

கதவு திறந்தது. கல்யாணச் சீர் வைத்த அறை போல இருந்தது. நான்கு டிவி, மூன்று மிக்சி, இரண்டு வாஷிங் மெஷின், ஒரு தையல் மெஷின். இவர்களா ஏழை, வசதிக்காரர்கள்தான் என்று மறுபடி முடிவு கட்டினேன். நடுவில் பிரிட்ஜ். அவசரத்திலும் பப்லு அதற்கு மட்டும் கரண்ட் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஜெயராணி பிரிட்ஜ் கதவைத் திறந்து மருந்துப் புட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு" என்றார்.

சுகர் பார்த்து, ஊசி போட்டு, மேலும் அரைமணி நேரம் காத்திருந்து, ஜெனி 2.30க்குச் சாப்பிட உட்கார்ந்தது. அது பிசைந்து சாப்பிடுவதை ஒரு வரிசையே பார்த்தது. "எல்லாரும் எதுக்குப் பாக்கிய?" என்று அது கேட்ட பிறகுதான் கலைந்தார்கள்.

எனக்கும் தட்டு வைத்தார் ஜெயராணி. "விருந்தாளிக்குப் போடற சோறும் கணக்குல வருமுங்கப்பா" என்றாள் கௌசி. இருந்தாலும் சாப்பிட்டேன். அந்த வரி என் பேரில் ஏறட்டும்.

பிறகு ஜெயராணி கேட்டார்: "பணத்த நிறுத்திர மாட்டாவளே?"

"இது யாருக்குக் குடுக்கறது, யாருக்கு நிறுத்தறதுன்னு பாக்கற கணக்கு இல்லீங்க. உங்க பேரு வெளிய போகாது. சனங்க எப்படி வாழறாங்கன்னு மொத்தமாப் பாக்கறதுங்க."

"மருந்து ஆஸ்பத்திரியில சும்மா குடுத்துருதாவ. அத வைக்கத்தான் இந்தப் பெட்டிய பழசா வாங்குனோம். பிரிட்ஜ் இருக்கவுக எல்லாம் வசதின்னா, நாங்களும் வசதியா?"

கௌசி டேப்பைத் திருப்பி அந்தக் கேள்வியை அவரிடம் காட்டினாள். "இருக்குதா, இல்லையான்னு மட்டுந்தானுங்க கேள்வி. எதுக்குன்னு கேக்காதுங்க."

"சரி. இருக்குன்னு எழுதும்மா."

அதற்குப் பிறகு மற்ற மூன்று வீடுகளுக்கும் மறுபடி போனாள். இந்த முறை என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. வண்டியைத் துடைத்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். ஜெயராணி சம்மதம் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன், பெயர்களை மாற்றி, கௌசி படித்துத் திருத்தி.

மகளுக்கோ மகனுக்கோ துணையாக இப்படிப் போகும் அப்பாக்களுக்குச் சில விஷயங்கள். மொத்தம் 138 கிலோமீட்டர் ஓடியது, பெட்ரோல் 330 ரூபாய். மே மாதத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். வெள்ளை வேட்டி வேண்டாம். ஒரு வீட்டைப் பார்த்தவுடன் அவர்கள் ஏழையா, வசதியா என்று முடிவு கட்டாதீர்கள். நான் ஒரே மதியத்தில் இரண்டு தரம் கட்டி இரண்டு தரமும் தோற்றேன். யார் வீட்டுக் குழந்தைக்கும் அம்மாவைக் கேட்காமல் தின்னக் கொடுக்காதீர்கள்.

திரும்பும்போது 5.10க்கு அதே பேக்கரியில் நிறுத்தினோம். டீ மாஸ்டர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே குனிந்தார். பக்கத்து மேசைக்காரர்களும் காதை நீட்டினார்கள்.

"என்னங்க, சர்வே முடிஞ்சுதுங்களா? அந்த லைன்ல யாரு ஊட்ல என்னென்ன இருந்துச்சுங்க?"

என் வாழ்நாளில் அதைவிட நல்ல கதை என் வாயில் இருந்ததில்லை. கௌசி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"சக்கரை கம்மியா ரெண்டு டீ போடுங்க" என்றேன்.