அம்பு ஒட்டாத தாள்

மஞ்சள் அம்புச் சீட்டை உரித்து, கையெழுத்துக் கோட்டுக்கு நேரே ஒட்டி, நகத்தால் ஒருமுறை அழுத்துகின்றன வங்கிக் கடன் ஆலோசகரின் கைகள். ஒரு வீட்டுக்கடன் கோப்புக்கு நாற்பத்தோரு அம்புகள். முதல்முறை வீடு வாங்குகிறவர்கள் அம்பைத்தான் பார்ப்பார்கள், தாளைப் பார்ப்பதில்லை. அரை மணியில் வேலை முடிந்துவிடும். கடன் ஆலோசகர் என்பது மேசைமேல் பெயர்ப்பலகையில் மட்டும். அலுவலகத்தில் அவர் 'அம்பு அக்கா'.

பத்தொன்பதாவது தாள் காப்பீட்டு விண்ணப்பம். கடன் வாங்கியவர் இறந்துபோனால் மிச்சத்தை அது அடைக்கும். வங்கி அதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை. அக்காவும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நடுவில் செருகி அம்பு ஒட்டுவார், அவ்வளவுதான். பிரீமியம் கடனோடு சேர்ந்துவிடும். இருபது வருடம் அதற்கும் வட்டி. அக்காவுக்குக் கமிஷன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று பதினோரு வருடம் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஒரு பஸ் மெக்கானிக் வந்தார். ஆறு வருடம் முன்பு அக்கா மூலம் கடன் வாங்கியவர். கணக்குத் தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்னக்கா?"

"காப்பீடு. கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"நீங்க அம்பு ஒட்டின இடத்துல எல்லாம் போட்டேன். எனக்கு வேலையிலயே ஒரு காப்பீடு இருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு சிரித்தார். "விடுங்க, தப்பு எம்மேலதான். உங்கள நம்பிப் படிக்காம விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருக்கும்.

இன்றைய கோப்பு ஒரு தையல்காரப் பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும். "தவணை இதுக்கு மேல ஒரு காசு ஏறினாலும் தாங்க மாட்டோம்க்கா" என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "இந்த மாசம் காப்பீடு ஒண்ணு குறையுது. இவங்களோடது வந்துட்டா சரியாயிடும்."

"பாக்கலாம் சார்."

அவர் போனதும் பத்தொன்பதாவது தாளின் அம்பை அக்கா உரித்தார். தாளை உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

இருவரும் வந்து உட்காரும்போதே தையல்காரப் பெண் பேனாவைத் திறந்துவிட்டாள். "இதுல அம்பக் காணோமேக்கா?"

"இது கட்டாயம் இல்லம்மா. போட்டா தவணை ஏறும். எனக்குக் கமிஷன் வரும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிங்க. வேண்டாம்னா இந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுடுங்க."

கணவன் சிரித்தான். "கமிஷன் வரும்னு வாயாலயே சொல்றவங்கள இப்பத்தான் பாக்கறேன். நல்ல மனசுக்கா உங்களுக்கு."

அக்காவின் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரி. அதில் பதினோரு வருடக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் பத்தொன்பதாவது தாள். மெக்கானிக்கின் கோப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

"படிச்சிட்டு வாங்க" என்று கோப்பை இரு கைகளாலும் நீட்டினார். தையல்காரப் பெண் பேனாவை மூடிவிட்டு வாங்கிக்கொண்டாள்.