ரெண்டு பக்கத்துக்கு நடுவுல விழுந்த மல்லி

"ஒங்க மதினிக்குக் கைராசி இல்லடி"னு எங்கம்மா சொன்னப்ப எனக்கு வந்த கோவம் இருக்கே, அம்புட்டு இம்புட்டு இல்ல. மதினிங்கிறது எங்கண்ணன் பொண்டாட்டி. சின்னாளப்பட்டிப் பக்கம் எங்க தோட்டத்துல மல்லி பறிக்கிறது, கூடையப் படம் புடிச்சுப் பூ விக்கிற ஆப்ல போடுறது எல்லாம் அதுதான். அந்த ஆப்பப் பாத்துக்கிறது என் வேலை. ஆபீஸ் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல.

விவசாயிங்க போடுற கூடையெல்லாம் வந்த வரிசைப்படி நிக்கும். விடிஞ்சதும் யாவாரிங்க எல்லாரும் ஒண்ணாத் தொறப்பாங்க. பக்கத்துக்கு இருபது கூடை. புடிச்சத ஒருத்தரு வாங்கிட்டா அந்தக் கூடை வரிசைய விட்டுப் போயிரும். மல்லி காத்துக் கெடக்குமா? வெயில் ஏறிட்டா அடிமாட்டு வெலைக்குத்தான் கேப்பாங்க.

மதினி போட்ட கூடை ஒரு வாரமா அப்படித்தான் போச்சு. மொட்டுல ஒரு குறையும் இல்ல. மொதல்ல ஜாடைமாடையாச் சொல்லிட்டிருந்த அம்மா, ஒருநா நேராவே சொல்லிருச்சு: "நாளையிலருந்து நீ செடியத் தொட வேணாம்." மதினி அடுப்படிக்குப் போயி வெஞ்சனத்துக்குக் கத்திரிக்கா நறுக்க ஆரம்பிச்சிருச்சு. எங்கண்ணன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். வாயத் தொறந்தா முத்து உதிந்துரும்ல!

மறுநா அம்மாவே பறிச்சுப் போட்டுச்சு. செத்த நேரத்துல கூடை போயிருச்சு. "பாத்தியா? கை மாறுச்சு, பூ போச்சு"னு மதினி காதுல விழுற மாதிரியே சொல்லுச்சு. ஒரே தோட்டம், ஒரே செடி. கையில என்ன இருக்கு?

ஆபீஸ் போனதும் மொத வேலையா, எந்தெந்தக் கூடை எந்தெந்த யாவாரி போனுக்குப் போச்சுங்கிற பதிவத் தோண்டினேன். அம்மா கூடை எல்லாருக்கும் போயிருக்கு. மதினி கூடை அந்த வாரம் முழுக்க விடியக்காலம் ஒருத்தர் கண்ணுலயும் படல. அட கருமமே! பூவப் பாத்து யாரும் வேணாம்னு சொல்லல, பாக்கவே இல்ல.

எனக்கு முன்னாடி இந்த ஆப்ப எழுதுன புண்ணியவான் பண்ண வேலை அது. யாவாரி மொதப் பக்கத்தப் பாத்துட்டிருக்கும்போதே அதுல அஞ்சு கூடை வித்துருது. ரேஷன் கடை வரிசை மாதிரி, பின்னால நிக்கிற அஞ்சு கூடை முன்னால நகந்து மொதப் பக்கத்துக்குள்ள வந்துருது. அவரு ரெண்டாம் பக்கம் கேட்டதும் நம்ம ஆப் இருபத்தொண்ணாவது எடத்துல இருந்து எடுத்துக் குடுக்குது. நகந்து வந்த அஞ்சும் அவரு பாத்த ரெண்டு பக்கத்துலயும் இல்ல. மதினி பறிச்சு முடிச்சு, அம்மாவுக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டுத்தான் போன எடுக்கும். அதனால தெனமும் சரியா அந்த இருபத்தொண்ணு, இருபத்திரெண்டாவது எடத்துலயே போயி மாட்டும். அம்மா ஆடி அசைஞ்சு பறிச்சதுல வரிசைல ரொம்பப் பின்னால போயித் தப்பிச்சிருச்சு.

உக்காந்து மாத்தி எழுதினேன். 'ரெண்டாம் பக்கம் குடு'னு இனிமே போன் கேக்காது. 'நான் கடைசியாப் பாத்த கூடைக்கு அடுத்த இருபதக் குடு'னு கேக்கும். அந்தக் கூடை வித்தே போயிருந்தாலும் அது எத்தனாவதா வந்துச்சுங்கிறது மாறாதுல்ல. பக்க நம்பரக் காணமேனு ஒரு யாவாரி சடைச்சுக்கிட்டாரு. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.

வீட்டுல சொன்னா அம்மா நம்பணுமே! "போன நோண்டிட்டு வந்து என் வாய அடைக்கப் பாக்குறியா?"

"நாளைக்கு ஒருநா மதினி பறிக்கட்டும்மா. போகலைனா அப்புறம் நான் பேசவே மாட்டேன்."

"மதினிக்கு ரொம்பத்தான் பரிஞ்சு பேசுற. சரி, ஒரே ஒருநா. அப்பவும் போகலைனா, சாகுறவரைக்கும் அது செடிப்பக்கம் வரக்கூடாது."

மதினிக்கு மொகம் வெளுத்துப் போச்சு. நாந்தான் வீம்புக்கு மாட்டி விட்டுட்டேனோனு எனக்கும் பயம். மறுநா விடியக்காலம் மதினி பறிச்சு முடிச்சு, படத்த எப்பவும்போல காப்பி போட்டுக் குடுத்துட்டுத்தான் எடுத்துச்சு. அம்மா அந்தக் காப்பியக் குடிச்சு முடிக்கல, கூடை போயிருச்சு. அதுவும் நல்ல வெலைக்கு.

அம்மா டம்ளரக் கீழ வச்சுது. "இன்னைக்கு முகூர்த்த நாளு. எதப் போட்டாலும் போகும்."

எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. பக்கம், வரிசை, எல்லாத்தையும் இன்னொரு தடவை விளக்க வாயெடுத்தேன். மதினி முந்திக்கிச்சு.

"முகூர்த்தம் இல்ல அத்தே. என் கைதான்."