நாலு மணிவரை தண்ணீர் குடிக்காதவர்கள்

காலையில் வீட்டை விட்டு இறங்கினால் சாயங்காலம் நாலு மணிக்கு மணியடிக்கும்வரை நானும் என் கூட்டுக்காரியும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டோம். விரதம் ஒன்றுமில்லை. நாங்கள் வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பத்துப் பிள்ளைகள். வாரத்துக்கு ஒருநாள் பட்டினி கிடக்கும் வழக்கமெல்லாம் எங்கள் வீடுகளில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் ஒதுங்க ஒரு மறைவிடம் இல்லை, அவ்வளவுதான் காரணம். பையன்களுக்கு மதிலுக்குப் பின்னால் உலகமே திறந்து கிடந்தது. நாங்கள் அந்தப் பக்கம் எழுந்து நடந்தால் முப்பது தலை திரும்பும். ஒருவன் "எங்க போறா?" என்பான், இன்னொருவன் சிரிப்பான். அதற்குச் செத்துப்போவது மேல் என்று பதினாலு வயதில் நாங்கள் உண்மையாகவே நம்பினோம்.

முட்டத்துக்குப் போகும் பாதையில், கடலுக்கு மூன்று மைல் இப்பால் இருந்தது எங்கள் ஊர். மிஷன் பள்ளிக்கூடம் அடுத்த ஊரில். ஏழாம் வகுப்புக்கு வந்தபோது பெண்களில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். மற்றவர்களை வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எங்களையும் நிறுத்தியிருப்பார்கள், போதகர் ஐயா இரண்டு வீட்டிலும் வந்து உட்கார்ந்து பேசியதால் தப்பித்தோம்.

வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல் நடை. அவள் முன்னால் போவாள், நான் பின்னால். திரும்பிப் பாராமலே பேசிக்கொண்டு போவாள், பாதி பொய். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யார் தூங்கி விழுந்தார், யார் பாட்டை இழுத்துக் கெடுத்தார் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவாள். நான் சிரித்து வழுக்கி வாய்க்காலில் கால் விட்ட நாட்கள் உண்டு. அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு எத்தனையோ பாதைகளில் நடந்திருக்கிறேன். ஒன்றும் அந்த நடை ஆகவில்லை. இந்த வயதிலும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒருநாள் அப்படி நடக்க வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நாங்கள் ஒரு வீரமாகவே ஆக்கிக்கொண்டோம். வகுப்பின் மூலையில் ஒரு மண்பானை, அதன்மேல் ஒரு சிரட்டை அகப்பை. பையன்கள் மொண்டு குடித்து, மிச்சத்தை ஒருவன்மேல் ஒருவன் கொட்டிக்கொள்வார்கள். உப்புக்காற்றில் எங்கள் உதடு வெடித்திருக்கும். நாக்கு வறண்டால் ஒரு புளியங்கொட்டையை வாயில் போட்டு உருட்ட வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். பிறகு காலைக் கஞ்சியையும் அவள் பாதியாகக் குறைத்துவிட்டாள். நான் பங்குனி வெயிலில் இரண்டொரு தரம் தோற்று, மத்தியானம் ஒரு வாய் குடித்துவிட்டு நாலு மணிவரை நெளிந்திருக்கிறேன். அவள் ஒருநாளும் தோற்றதில்லை.

இதில் வேடிக்கை, எங்கள் தலைமை வாத்தியார் இதைக் கண்டுபிடித்துப் பாராட்டினார். "பெண்பிள்ளைகளைப் பாருங்கடா, தண்ணீருக்கென்றுகூட இடத்தைவிட்டு எழும்பமாட்டார்கள். அதுதான் அடக்கம்" என்றார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். எங்களுக்கும் உச்சி குளிர்ந்தது. அந்த வருஷம்தான் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் முட்டத்துப் பாறையிலிருந்து கடலில் குதித்துக் கையை ஒடித்துக்கொண்டு வந்தான். வீட்டில் அவனுக்கு முட்டையும் பாலும், பள்ளிக்கூடத்தில் ராஜமரியாதை. ஆம்பிளைப் பிள்ளை என்றால் அப்படித்தான் என்று பெருமையோடு சொன்னார்கள். அவன் பாறையில் ஏறியதை ஊரே பார்த்தது. எங்கள் பானைப் பந்தயத்தை யாரும் பார்க்கவில்லை.

அவளுக்கு ஒரே ஆசைதான். ஏழாம் வகுப்புப் பரீட்சை தேறி, பயிற்சிக்குப் போய், வாத்தியாரம்மா ஆக வேண்டும். ஓணம் விடுமுறை கழிந்து வந்தபோது அவள் நடை தளர்ந்திருந்தது. வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் அவளுக்குப் பல்லோடு பல் அடிக்கக் குளிர்ந்தது.

"என்னட்டி செய்யுது?" என்றேன்.

"ஒண்ணுக்குப் போனா தீயா எரியுது. முதுகு விட்டுப் போவுது. வீட்டுல பறஞ்சிராத, கேட்டியா. படிப்ப நிறுத்திப் போடுவாவ."

வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதே வெட்கம். அதை அம்மாவிடம் சொல்வது அதைவிட வெட்கம். ஒரு மாதம் நானும் வாயைத் திறக்கவில்லை. வயிற்றுவலி என்று அவள் சொன்ன பொய்க்கு நான் சாட்சி சொன்னேன்.

கடைசியில் காய்ச்சல் இறங்காமல் அவளை வண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் என் கையை விடாததால் நானும் கூடப் போனேன். நர்சம்மா அவளிடம் குனிந்து, "பகல்ல எத்தன தரம் வெள்ளம் குடிப்ப மக்கா?" என்று கேட்டாள். அவள் சுவரைப் பார்த்தாள். அவள் அம்மா, "நல்லோணம் குடிப்பா" என்றாள். நர்சம்மா என்னைப் பார்த்தாள். கூட்டுக்காரியின் விரல்கள் என் கையை நெரித்தன, சொல்லாதே என்று. எனக்குப் பயமாக இருந்தது. அவள் முகம் அவ்வளவு மஞ்சளாக இருந்தது.

"குடிக்கவே மாட்டா. நானும் மாட்டேன்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், புளியங்கொட்டை உட்பட. அவள் என் கையை விட்டுவிட்டாள்.

மருந்தும் பார்லித் தண்ணீருமாகப் பத்து நாளில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். குடிக்காமல் கிடந்ததால் வந்த கேடு, இனிப் பகலெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் அப்பா அதை இரண்டே வார்த்தையில் தீர்த்தார். "படிச்சது மதி." படித்தது போதும்; பள்ளிக்கூடத்தில் குடிக்க முடியாது, வீட்டில் குடிக்கலாம், ஆகவே வீட்டில் இரு. கணக்கு அவருக்குச் சரியாக வந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. அவர்மேல், தலைமை வாத்தியார்மேல், என் நாக்கின்மேல். தனியாக வாய்க்கால் கரையில் நடப்பது தாங்கவில்லை. வாத்தியாரிடம் பேச வெட்கப்பட்டு, அவர் மனைவியிடம் போய் அழுதுகொண்டே சொன்னேன். அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை. இரண்டு ஆள் வந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, தென்னோலை வைத்து மறைத்து, உள்ளே இரண்டு கல் போட்டார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

நான் அதை உபயோகித்தேன், பரீட்சை தேறினேன், வாத்தியாரம்மாவும் ஆனேன். அது அவள் ஆசைப்பட்ட வேலை. கரும்பலகைக்கு முன்னால் நின்ற முதல் நாளில் எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல. அவளுடைய இடத்தில் ஏறி நிற்கிறேன் என்ற கூச்சம். அவள் கல்யாணமாகிக் குழித்துறைக்கு அப்பால் போய்விட்டாள். பிறகு பார்த்ததெல்லாம் கல்யாண வீடுகளில், பந்தியின் இரைச்சலுக்கு நடுவே.

நாங்கள் தனியாகப் பேசியது, மறைப்பு கட்டிய அந்தச் சனிக்கிழமைதான் கடைசி. ஓடிப்போய்ச் சொன்னேன், இனி அவள் வரலாம் என்று. அவள் முகத்தில் ஒரு கணம் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. "அப்பா சம்மதிக்கமாட்டாவ. பொண்ணு பாக்க ஆள் வந்துட்டுப் போச்சு" என்றாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"எத்தன ஓலை ஆச்சு?" என்றாள்.

"எட்டு."

அவள் வீட்டை ஒட்டிய தென்னை விளைப்பக்கம் பார்த்தாள். மரங்களின் அடிமூட்டில் விழுந்த ஓலைகள் எடுக்க ஆளில்லாமல் காய்ந்து கிடந்தன.

"இங்கயே பத்திருவது கெடக்குட்டி" என்றாள். "நாம கேக்கவே இல்லியே."